திகதி இல்லாத பலகை

அந்தப் பாறைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

போன ஜூன் மாதம் பாறையின் அடிவாரத்தில், இறப்பர் மரங்கள் முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நட்டீர்கள். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. சிங்களத்தில் நான்கு வரி, ஆங்கிலத்தில் மூன்று வரி. வல்லூறுகளின் பாதுகாப்புக்காகப் பாறை ஏறுதல் முற்றாகத் தடை என்று இருக்கிறது. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று இல்லை. பாறையின் எந்தப் பக்கம் என்று இல்லை. தமிழ் இல்லை.

நான் அந்தப் பாறையில் கயிறு கட்டி ஏறுகிறவன். அந்த வல்லூறு ஜோடியைப் பற்றி நான்கு வருடமாக ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வருகிறவனும் நான்தான். ஏற முடியாமல் போன ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாறையின் பெயரையும் உங்கள் அலுவலகத்தின் பெயரையும் இதில் எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம், ஏனென்றால் வல்லூற்றுக் குஞ்சுக்கு விலை கொடுக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கண்டி வீதியால் போய் இறங்க வேண்டிய ஒரு பாறை, அவ்வளவு போதும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து பொழுதுபோக்குக்கு வரும் பணக்காரப் பிள்ளை என்று எடுத்துக்கொள்வீர்கள். பிறந்தது இறப்பர்த் தோட்டத்து லயத்தில். அம்மா பால் வெட்டியவர். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உயர்ந்து நிற்கும் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது, இடுக்குகளுக்கு சிலிக்கன் அடிப்பது, இதுதான் வேலை. அந்த வேலையைக் கற்றுத் தந்த அண்ணன் டுபாயில் பன்னிரண்டு வருடம் இதே தொழில் பார்த்தவர். திரும்பி வரும்போது அவருடைய சூட்கேசில் பாதிக்கு மேல் கயிறும், கயிறு மாட்டும் கரபினர் வளையங்களும்தான். வீட்டில் நல்ல சண்டையாம். ஆனால் மலை ஏறுவதற்கான கயிறு கொழும்பில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. புறக்கோட்டைக் கடைகளில் விற்கும் கயிறு லொறியில் மூட்டை கட்டத்தான் ஆகும்.

நாங்கள் ஏறும் முறையை ஒரு தடவை விளக்குகிறேன், பின்னால் சொல்லப்போவது அப்போதுதான் புரியும். எங்கள் கயிறு 60 மீட்டர். பாறை அதைவிட உயரம். அதனால் ஒருவர் முன்னால் ஏறி, பாறையில் அடித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடத்தை நங்கூரம் என்போம். மற்றவர் அவரிடம் போய்ச் சேருவார். இது ஒரு பிட்ச். அப்புறம் அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து. எங்கள் பாதையில் ஐந்து பிட்ச். மூன்று மாதச் சம்பளத்தில் போல்ட் வாங்கி அடித்த பாதை என்பதால் அதற்கு ‘சம்பள நாள்’ என்று பெயர் வைத்தோம். அடிப்பதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் அப்போது இருந்தவரிடம் கேட்டோம். முத்திரை குத்திய கடிதம் தந்தார். அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் என் அலுமாரியில் இன்னும் இருக்கிறது.

இப்படி ஏறும்போது ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது பிட்ச்சில் நிற்கிறவனால் நினைத்த உடனே விலகிப் போக முடியாது. இறங்குவதற்குக் கயிற்றை மாற்றிப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொரு நங்கூரத்திலும் நின்று நின்றுதான் வர வேண்டும். நாங்கள் முதன்முதலாக அந்தப் பறவையைச் சந்தித்த அன்று இது எங்களுக்கு உறைத்தது.

நான்கு வருடத்துக்கு முன், தைப்பொங்கலை ஒட்டி வந்த ஞாயிறு. அதிகாலை ஐந்து மணிக்கு பஸ்தியான் மாவத்தையில் பஸ் ஏறினோம். ஒன்பது மணிக்குப் பாறையில் கை வைத்தோம். நம் நாட்டு மலைகளில் பெரும்பாலும் இருக்கும் பாறைக்குப் புவியியல் புத்தகத்தில் ‘நைஸ்’ என்று பெயர். பெயரைக் கேட்டு வழவழப்பு என்று நம்பி விடாதீர்கள், மதியத்துக்குள் விரல் நுனித் தோல் போய்விடும். இரண்டு பிட்ச் முடித்து நான் நங்கூரத்தில் நின்றேன். அண்ணன் மேலே போய்க்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஒரு பஸ் நீளத் தூரத்தில், மேலே பாறை பிதுங்கிக் கூரை போட்ட ஒரு திட்டு. அதன் கீழே சுண்ணாம்பு வடிந்தது போல வெள்ளைக் கோடுகள். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் என்னவென்று விளங்கவில்லை. அது வல்லூற்றின் எச்சம். இன்றைக்கு அந்த வெள்ளையை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கண்டாலும் நின்று விடுவேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. துணிக்கடையில் சீலைத் துணியை ஒரே இழுவையில் கிழிப்பார்களே, அப்படி ஒரு சத்தம் என் காதுப் பக்கமாகப் போனது. அப்புறம் “கெக் கெக் கெக்” என்று நிற்காத கத்தல். அண்ணனின் ஹெல்மெட்டை உரசுகிற மாதிரி வந்து, விலகி, மேலே போய், திரும்பவும் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பறப்பது போலவே இல்லை. பெரகிரின் வல்லூறு இரைக்காகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, அது எங்களை இரையாக நினைக்கவில்லை, திருடர்களாக நினைக்கிறது என்பதுதான்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த போல்ட்டில் கயிற்றைப் போட்டுக் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் என்னிடம் வந்து சேர்ந்து, இருவரும் இரண்டு கயிறு இறங்கி, கயிற்றை இழுத்தெடுத்து, மரங்களுக்குள் போய் மறைய நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடமும் அந்தப் பெண் பறவை திட்டில் இல்லை. உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இறப்பர் மரத்தடியில் படுத்துக்கொண்டு, அண்ணனின் பழைய பைனாக்குலரால் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். கொண்டு போன பாணும் சம்பலும் பையிலேயே இருந்தது. கடைசியில் அது போய் உட்கார்ந்தது. அண்ணன் “அப்பாடா” என்று சொன்னதும் எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. என் அம்மாவைக் குளவி கொட்டித் தோட்டத்து வைத்தியசாலையில் கிடத்தியிருந்த நாளுக்குப் பிறகு அப்படி வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். நம் பாறையில் இருப்பது ஷாஹீன் வல்லூறு, பெரகிரினின் தெற்காசியக் கிளை. இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்கிற பறவை. சிகிரியாப் பாறையும் அதற்கு வீடு. குளிர்காலத்தில் வடக்கே தூர தேசங்களிலிருந்து வேறொரு பெரகிரின் இனம் இலங்கைக்கு வந்து போகிறது. ஒரு நவம்பரில் கோட்டையில் பதினெட்டாம் மாடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டடத்து விளிம்பில் ஒன்று புறாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு நெஞ்சு வெளுப்பு. நம் ஷாஹீனுக்குத் தலை கறுப்பு, நெஞ்சு செம்மண் நிறம். இரண்டையும் ஒருமுறை பார்த்தவன் பிறகு குழம்ப மாட்டான்.

ஷாஹீன் கூடு கட்டுவதில்லை. ஒரு குச்சி கூடக் கொண்டு வராது. திட்டிலுள்ள மண்ணைக் காலாலும் நெஞ்சாலும் கிளறிக் குழியாக்கி, அதில் மூன்று அல்லது நான்கு முட்டை. காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும், பொரித்த பிறகு குஞ்சுகள் பறக்க ஆறேழு வாரம் வேண்டும். தாய் எழும்பிப் போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். சின்னக் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பெரிய குஞ்சு பயந்தால், சிறகு முற்றுமுன் திட்டிலிருந்து குதித்து விடும். எந்த வாரத்தில் போனாலும் ஏதோ ஒரு கேடு செய்கிறோம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அந்தப் பாறையில் கை வைத்ததில்லை. யாரும் சொல்லவில்லை, பலகை எதுவும் இருக்கவில்லை.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் அதன் விலையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பாறை காய்ந்து கிடப்பது எப்போது? டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பாறை முழுக்கப் பாசி. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. நாங்கள் பறவைக்கு விட்டுக்கொடுத்தது வருடத்தின் நல்ல மாதங்கள் அத்தனையையும். எங்களுக்கு மிஞ்சியது ஓகஸ்டில் மழை ஓயும் சில ஞாயிற்றுக்கிழமைகள். அந்தச் சில ஞாயிறுகளைத்தான் உங்கள் பலகை எடுத்துக்கொண்டது. அந்த மாதத்தில் திட்டு வெறுமையாக இருக்கும். முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம்: ஜோடி பழைய திட்டுக்கே வந்துவிட்டது. டிசம்பர் 31: பாறையின் உச்சியில், பின்பக்கத்துப் படிகளால் ஏறிப்போகும் பார்வைத் திடலில், புது வருட நிகழ்ச்சி. நான்கு ஒலிபெருக்கி, லேசர் விளக்கு, பட்டாசு. நள்ளிரவு தாண்டியும் நடந்தது. அனுமதி உங்கள் அலுவலகத்தினுடையது, நுழைவுச் சீட்டில் அச்சிட்டிருந்தது. ஜனவரியில் மூன்று ஞாயிறு போனேன், மூன்றிலும் ட்ரோன். ஒன்று கலியாண அல்பம் எடுப்பவர்களுடையது, பாறை முகத்தோடு ஒட்டி ஏறி இறங்கியது. பெண் பறவை அதைத் துரத்தியது. ஆண் பறவையும் சேர்ந்து துரத்தியது. திட்டில் யாரும் இல்லை. பெப்ரவரி: பார்வைத் திடலுக்குப் புதிய இரும்பு வேலி. பாறையைத் துளைக்கும் மெஷின் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை ஓடியது. திட்டு அந்த வேலிக்கு நேர் கீழே, நாற்பது மீட்டருக்குள். மார்ச் முதல் வாரம்: ஆண் பறவை மட்டும் மலைக்கு எதிர்ப்பக்கத்து மரத்தில். ஏப்ரல்: குஞ்சு எதையும் காணவில்லை.

முந்தைய மூன்று வருடமும் குஞ்சு பறந்தது. முதல் வருடம், நாங்கள் கலைத்த அதே வருடம், இரண்டு. அடுத்த வருடம் ஜோடி பாறையின் வடக்கு முகத்துக்கு மாறியது, அங்கே ஒன்று. பிறகு மறுபடி பழைய திட்டில் இரண்டு. இந்த வருடம் ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியும் ட்ரோனும் துளை மெஷினும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கூடு பிழைப்பதற்கு மழை, இரை, தாயின் வயது என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் ஏறியவர்களால் அல்ல என்று மட்டும் அடித்துச் சொல்வேன். அந்த ஐந்து மாதத்தில் ஒருவரும் ஏறவில்லை.

அப்புறம் ஜூன் மாதம், எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் எங்களுக்குத் தடை போட்டீர்கள்.

படிக்கும்போது ஒரு விஷயத்தில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாறையில் கூடு வைக்கும் வேட்டைப் பறவைகள் கீழே நிற்கிற மனிதனை விட, தங்களுக்கு மேலே நிற்கிற மனிதனுக்குத்தான் அதிகம் கலங்கும். எதிரி மேலிருந்து வருவான் என்பது அவற்றின் இரத்தத்தில் ஊறிய கணக்கு. அப்படியானால் அந்தத் திட்டுக்கு மிகப் பெரிய தொல்லை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். நாற்பது மீட்டர் மேலே, உங்கள் வேலியில் சாய்ந்து நின்று ஆரவாரம் செய்கிறவர்கள். அவர்களுக்கு ஜனவரியிலும் படி திறந்திருக்கிறது. உங்கள் பலகையில் அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

உங்கள் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. பார்வைத் திடலுக்குச் சீட்டு விற்கிறீர்கள், அதில் வருமானம் இருக்கிறது. பாறை ஏறுகிறவர்கள் இந்த நாட்டில் ஒரு சின்னக் கூட்டம், சீட்டும் எடுப்பதில்லை. தடை போடுவதென்றால் அந்தச் சின்னக் கூட்டத்துக்குப் போடுவது சுலபம். அறிக்கையில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்ளலாம். நானும் ஒரு கம்பனியில்தான் வேலை செய்கிறேன், இந்த மாதிரி வரிகளை நானும் நிரப்பியிருக்கிறேன்.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், ஒன்றும் இரகசியமில்லை. அமெரிக்காவின் யொசமிட்டித் தேசியப் பூங்காவில் வல்லூறு கூடு வைக்கும் பாறைப் பாதைகளை மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடுகிறார்கள். பருவத்துக்கு நடுவில் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். பறவை இல்லாத முகங்களைத் திறந்து விடுகிறார்கள். அங்கே இந்தப் பறவை மறுபடி கூடு வைத்ததை 1978இல் எல் கப்பித்தான் என்ற பெரிய பாறையில் முதலில் கண்டு சொன்னவர்களே ஏறுகிறவர்கள்தான். டி.டி.டி. என்ற பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து பறவை அழியும் நிலைக்குப் போயிருந்த காலம் அது. அமெரிக்காவிலேயே கொலராடோவின் போல்டர் நகரத்தில் மூடல் பெப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை. பிரித்தானியாவில் மலையேறுவோர் மன்றமே எந்தப் பாறை எந்தத் திகதி வரை மூடல் என்று பட்டியல் போட்டு, குஞ்சு பறந்ததும் திறந்துவிட்டதாக அறிவிக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டிலிருக்கும் பெரகிரினைக் கலைப்பதே அங்கே குற்றம். யார் கலைத்தாலும் குற்றம், கயிற்றில் வந்தவன் மட்டுமல்ல.

நிரந்தரத் தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்தில் ராமதேவர பெட்டா என்ற குன்று இருக்கிறது. கருங்கல் பாறை, ஏறுகிறவர்களுக்கு ஆசை பிடிக்கும் பாறை. அங்கே நீளலகுப் பிணந்தின்னிக் கழுகு கூடு வைப்பதால் 2012இல் கழுகுகளுக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனக் மருந்தால் இந்தியாவில் கழுகு இனமே சரிந்துபோன பிறகு எடுத்த முடிவு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் ஒருமுறை அந்தப் பக்கம் போனவர், சரணாலயத்தைத் தொடாமல் பக்கத்துக் குன்றுகளில் ஏறிவிட்டு வந்தார். அங்கே எந்தக் குன்று, என்ன பறவை, ஏன் மூடல் என்பதற்குப் பதில் இருந்தது. நம் பலகையில் அது இல்லை.

நான் கேட்கவில்லையா என்று நினைக்காதீர்கள். ஜூலை மாதம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழில், மூன்று கேள்வி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எந்த ஆய்வை வைத்து இந்த முடிவு? கூட்டை யார், எப்போது பார்த்தார்கள்? டிசம்பர் 31 நிகழ்ச்சிக்கு முன் பறவையைப் பற்றி யாரிடமாவது கேட்டீர்களா? சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு வரி வந்தது, சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கத் தட்டுத்தடுமாற வேண்டும். கொட்டாஞ்சேனைச் சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஐயாதான் வாசித்துக் காட்டினார்: ‘சுற்றாடல் காரணங்களைக் கருத்திற்கொண்டு எடுக்கப்பட்ட தீர்மானம்.’ வாசித்துவிட்டு, “தம்பி, இதுக்கா பிளேன் டீயை ஆற விட்டே?” என்று கேட்டார்.

1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதை ஒரு கொள்கைப் பேச்சாக நான் எடுக்கவில்லை. பாறையைச் சுற்றியிருக்கிற தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் தமிழர்கள். விறகுக்கும், தேனுக்கும், ஆடு தேடியும் அந்தப் பாதையில் போகிறவர்கள் அவர்கள். லயத்துப் பொடியன்கள் கல் அடிக்கும் கெட்டப்போலை எடுத்துக்கொண்டு பாறையடிக்கு வருவார்கள். நான்கு வருடத்தில் அவர்களில் ஆறேழு பேருக்குப் பைனாக்குலரில் திட்டைக் காட்டியிருக்கிறேன். “அண்ணே, இன்னும் பறக்கலையா?” என்று ஏப்ரலில் எனக்குப் போன் எடுக்கிறவர்கள் அவர்கள்தான். இந்த ஏப்ரலிலும் எடுத்தார்கள். பலகையைச் சுற்றி நின்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜூலையில் என்னைக் கேட்டவர்களும் அவர்களே. பறவையைக் காப்பாற்ற உங்களுக்கு வேண்டிய கண்கள் அந்த லயங்களில் இருக்கின்றன. அந்தக் கண்களால் வாசிக்க முடியாத பலகையை நட்டிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துப் பிழைகளையும் மறைக்கவில்லை. முதல் வருடம் தெரியாமல் ஏறினோம். போல்ட் அடித்தபோது திட்டைச் சோதிக்கவில்லை. போன வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு மார்ச் மாதம் ஏறப் பார்த்தது. அடிவாரத்தில் நின்று ஒரு மணி நேரம் வாதாடித் திருப்பி அனுப்பினோம், ஆனால் நாங்கள் அன்றைக்கு இல்லாதிருந்தால் ஏறியிருப்பார்கள். அதனால் சட்டபூர்வமான மூடல் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டையில்லை. எங்கள் நல்ல மனதை நம்பிப் பறவையை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எல்லோருக்கும் பயன்படுத்துங்கள்.

இனி நான் கேட்பவை.

அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று திகதி போட்ட பலகை வையுங்கள். மூன்று மொழியில், அடிவாரத்தில் ஒன்று, பின்பக்கத்துப் படிகள் தொடங்கும் இடத்தில் ஒன்று. அந்த ஐந்து மாதமும் பாறை முகத்தில் கயிறு கூடாது, ட்ரோன் கூடாது, உச்சியில் ஒலிபெருக்கியும் பட்டாசும் லேசரும் கூடாது, கட்டட வேலை கூடாது. பார்வைத் திடலை முழுக்க மூட முடியாது என்றால் திட்டுக்கு மேலே இருக்கும் அந்த ஒரு மூலையையாவது மூடுங்கள். புதிய வேலியை நீங்களே போட்டீர்கள், இன்னும் பத்து மீட்டர் உள்ளே இன்னொரு கம்பி கட்டுவது பெரிய காரியமில்லை. முக்கியமாக, இந்த டிசம்பர் 31க்கு அங்கே நிகழ்ச்சி நடத்த யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் இப்போதே இரத்துச் செய்யுங்கள். இதைத்தான் நான் முதலில் கேட்கிறேன், மற்றவை பிந்தினாலும் பரவாயில்லை.

ஜனவரி நடுவில் பறவையைத் தெரிந்த ஒருவரை அனுப்பி, ஜோடி எந்த முகத்தில் இருக்கிறது என்று பார்க்கச் செய்யுங்கள். வடக்கு முகத்தில் இருந்தால் தெற்கு முகத்தைத் திறக்கலாமா என்று அவர் சொல்லட்டும். திறக்க வேண்டாம் என்றாலும் சரி, காரணத்தை எழுதித் தரட்டும். குஞ்சுகள் மே மாதம் வரை திட்டில் இருந்தால் மூடலை நீட்டுங்கள். முன்னமே பறந்துவிட்டால் முன்னமே திறவுங்கள். மே முதல் நவம்பர் வரை, நீங்கள் முத்திரை குத்தித் தந்த கடிதத்தின்படி, எங்களை ஏற விடுங்கள்.

ஜூலையில் அனுப்பிய மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும், தமிழில். ஆய்வு எதுவும் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் பதில்தான்.

கொப்பியின் நான்கு வருடப் பக்கங்களையும் நகல் எடுத்து இந்த மடலோடு பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்து விளங்காத இடத்தில் கேளுங்கள். நவம்பர் கடைசி ஞாயிறு அடிவாரத்தில் இருப்பேன், கயிறு இல்லாமல், பைனாக்குலரோடு. உங்களில் ஒருவர் வந்தால் திட்டைக் காட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்கு முன் வாருங்கள், அதன் பிறகு வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

இப்படிக்கு,
கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13